கண்டோர், கேட்டோர், நின்றோர்

ஆங்கிலம் கற்கும் நம்மவர்க்கு இடர் விளைப்பவை பெரும்பாலும் நெடுஞ்சொற்கள் அல்ல. அறியாத நெடுஞ்சொல் எதிர்ப்படின் அகராதியைப் புரட்டுகின்றோம்; ஆசிரியரை வினவுகின்றோம். பழகிய சொல் வருமிடத்தோ, அதன் பொருள் நாம் அறிந்ததே எனத் துணிந்து எழுதிவிடுகின்றோம். அவ்வாறு துணிந்து எழுதப்படுவனவற்றுள், ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து நிற்போரைக் குறிக்கும் சொற்கள் தலையாயவை. மலர்க்குழுவினர் எம்மை அணுகி, பல்லாண்டு ஆங்கிலம் கற்பித்த பழக்கத்தினின்றும் மாணவர்க்குப் பயன்படுவது ஒன்றை எழுதித் தருக என்று கேட்டனர். பெரும்பொருள் நாடாது இச்சிறு பொருளையே எடுத்துக்கொண்டோம்.

வகுப்பிலே நாம் இடுவதொரு பயிற்சி உண்டு. உதைபந்தாட்டப் போட்டி, பரிசளிப்பு விழா, நாட்டுக்கூத்து, தேர்த்திருவிழா, சந்தியில் நிகழ்ந்த விபத்து ஆகிய ஐந்தனையும் பற்றி ஆங்கிலத்திற் சிறு குறிப்பு வரைக என்போம். பத்து மாணாக்கருள் எண்மர் ஐந்து குறிப்புக்களிலும் 'ஓடியன்ஸ்' என்ற ஒரே சொல்லை எழுதி வருவர். விபத்துக்கும் ஓடியன்ஸ், தேருக்கும் ஓடியன்ஸ். இவ்வாறு எழுதிய மாணாக்கன் ஒருவன், "சேர், தமிழிலை எல்லாரும் பார்வையாளர்தானே? ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் இத்தனை சொல்லு?" என்று வினவினான். நல்ல வினா. அவ்வினாவுக்கு அன்று வகுப்பில் மணியடிக்கும் வரை விடை கூறினோம். அதனையே ஈண்டுச் சற்று விரித்துக் கூறுகின்றோம்.

முதலில் ஓடியன்ஸ் என்பதை நோக்குவோம். கேட்டல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லினின்றும் பிறந்தது அது. அரசன் ஒருவனுக்கு ஓடியன்ஸ் அளித்தான் என்றால், அவன் சொல்வதற்குச் செவிகொடுத்தான் என்பதே பொருள். கணக்காய்வாளரை 'ஓடிற்றர்' என்கின்றோமே, அதுவும் இம்மரபிற் பிறந்ததே. கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் கேட்டு ஆராய்ந்த பழைய வழக்கத்தை அச்சொல் இன்றும் சுமந்து நிற்கின்றது. சேக்ஸ்பியர் காலத்து இலண்டன் மக்கள் நாடகத்தைக் கேட்கச் செல்வதாகவும் பேசினர். ஆதலால் ஓடியன்ஸ் என்ற சொல்லின் உயிர் செவியில் இருக்கின்றது. யாரேனும் ஒருவர் தம்மை நோக்கிப் பேசவோ பாடவோ நடிக்கவோ, அதனை ஏற்பதற்கெனக் கூடியிருப்போரே ஓடியன்ஸ் எனப்படுவர். பேசுவோனுக்கும் அவர்க்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. அவன் அவர்க்காகப் பேசுகின்றான். அவர் அவனுக்குச் செவி தருகின்றனர்.

தமிழரும் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். கச்சேரி 'கேட்க'ப் போகின்றோம்; கூத்துப் 'பார்க்க'ப் போகின்றோம். பிரசங்கம் கேட்கின்றோம், விளையாட்டுப் பார்க்கின்றோம். பேசுவோன் எதிரில் இருக்கும் கூட்டத்துக்கு 'அவை' என்று பெயரிட்டு, அதனை அறிதலையும் அதற்கு அஞ்சாமையையும் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்களாக வகுத்தார். பிற்காலத்தில் வானொலி வந்தபோது நம் நாட்டு ஒலிபரப்பாளர் 'நேயர்' என்ற சொல்லை வழங்கினர். கேட்போரை அன்புடையோர் என அழைக்கும் இச்சொல்லுக்கு நேரானதொன்று ஆங்கிலத்தில் இல்லை. அங்கே அவர் வெறும் 'லிசினர்' மாத்திரமே.

இனி 'ஸ்பெக்ரேற்றர்' என்பது. இதன் உயிர் கண்ணில் இருக்கின்றது. மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்தே நிற்போரும், துடுப்பாட்டத்துக்குக் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து மரநிழலில் இருப்போரும் ஸ்பெக்ரேற்றர் ஆவர். ஆட்டக்காரன் அவரை நோக்கி எதுவும் கூறுவதில்லை. அவர் இல்லாவிடினும் ஆட்டம் நடக்கும். அவர் ஆரவாரிக்கலாம், ஏசலாம், இடையில் எழுந்து வீட்டுக்கும் போகலாம். ஆட்டத்தின் முடிவுக்கு அவர் பொறுப்பாளி அல்லர். அடிசனும் ஸ்ரீலும் 1711ஆம் ஆண்டு இலண்டனிற் தொடங்கிய புகழ்பெற்ற தாளுக்கு இச்சொல்லையே பெயராக இட்டனர். அத்தாளிற் பேசும் கற்பனை மனிதர் ஊரின் காப்பிக் கடைகள் தோறும் சென்று எல்லாவற்றையும் நோக்குவார், எதிலும் கலந்துகொள்ளார். ஒதுங்கி நோக்கும் அவ்வுரிமையே அத்தாளின் சுவை. ஸ்பெக்ரேற்றர் என்ற சொல்லின் சாரமும் அதுவே.

நாட்டுக்கூத்துக்கு எது பொருந்தும்? வட்டக்களரியைச் சூழ்ந்திருப்போரிற் பலர் அண்ணாவியாரோடு கூடப் பாட்டை முணுமுணுப்பர். தாளம் பிசகின் முகஞ் சுளிப்பர். கண் களரியில் இருந்தாலும் செவியே தீர்ப்புக் கூறும். ஆதலின் அவர்க்கு ஓடியன்ஸ் என்பதே தகும்.

தேர்த்திருவிழா வேறுவகையது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தில் இருபத்துநான்காம் நாளாகிய தேரன்று கூடும் மக்கட் பெருக்கை ஸ்பெக்ரேற்றர் என்று எழுதினால், கோவிலை அறிந்தார் எவரும் நகைப்பர். வடம் பிடிப்போனும், அங்கப்பிரதட்டை செய்வோனும், கற்பூரச் சட்டி ஏந்துவாளும் பார்க்க வந்தவர் அல்லர். தரிசனம் என்பதன் சொற்பொருள் காட்சியேயாயினும், பார்வை மாத்திரத்தால் அது நிறைவதில்லை. கண்டவன் வணங்குகின்றான். அவர்க்கு ஆங்கிலத்தில் 'டிவோற்றி' என்றோ 'வேர்ஷிப்பர்' என்றோ எழுதுதல் வேண்டும். அக்கூட்டத்தின் ஓரத்தே படப்பெட்டியுடன் நிற்கும் வெளிநாட்டார் ஒருவரை ஸ்பெக்ரேற்றர் என்னலாம். நிகழ்ச்சி ஒன்றே, நிற்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே, ஆயினும் சொல் மாறுகின்றது. ஏன்? நிகழ்ச்சியோடு அவ்வவருக்குள்ள உறவு வேறுபடுதலால் என்க. இவ்வுண்மையை மாணாக்கர் பற்றிக்கொள்வாராயின் ஏனைய சொற்கள் தாமே வரிசைப்படும்.

தொலைக்காட்சி 1979இல் இலங்கைக்கு வந்தது. அதனைப் பார்ப்போர் 'வியூவர்'. நிகழ்விடத்தில் இல்லாது பெட்டியின் வழியாகக் காண்போர்க்கு அச்சொல் உரியது. பார்த்துக் குறிப்பெடுத்து அறிக்கை எழுதுவதற்கென அனுப்பப்பட்டோர் 'ஒப்சேவர்'. தேர்தற் சாவடிக்கு வருவோர் அவ்வகையினர். தலையிடாமையே அவர்க்கு விதி. இவ்வினத்தில் நம் நாடு நன்கறிந்த மற்றொரு சொல் 'மொனிற்றர்'. வகுப்பறையில் அது சட்டாம்பிள்ளையின் பெயர். எச்சரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின்கீழ் நோர்டிக் நாடுகளிலிருந்து வந்த குழுவினர்க்கு இடப்பட்ட பெயரிலும் இச்சொல்லே இருந்தது. 2008இல் அவர் திரும்பிச் செல்லும்வரை, மீறல்களை எண்ணி எழுத முடிந்ததேயன்றித் தடுக்கும் அதிகாரம் அவர்க்கு இருக்கவில்லை. பெயர் எச்சரிப்பதாயினும் கையில் இருந்தது குறிப்பேடு ஒன்றே.

நிற்க. இதுவரை கூறியவை அனைத்தும் விரும்பி வந்தோரைப் பற்றியன. விரும்பாது அகப்பட்டுக்கொண்டோரைக் குறிக்கும் சொற்களிலேதான் நுணுக்கம் மிகுதி. அவை மூன்று: 'ஒன்லுக்கர்', 'பைஸ்ராண்டர்', 'விற்னெஸ்'.

சந்தியில் லொறி ஒன்று சைக்கிளை மோதியது என்க. சத்தங் கேட்டு ஓடிவந்து சூழ்ந்து நின்று நோக்குவோர் ஒன்லுக்கர். இச்சொல்லிற் சிறிது இகழ்ச்சியும் கலந்துண்டு. வேலையற்று வேடிக்கை பார்ப்போர் என்ற நிழல் அதன்மேல் விழுகின்றது. மோதல் நிகழ்ந்தபோதே தற்செயலாக அருகில் நின்றோர் பைஸ்ராண்டர். அவர் பார்த்தாராகவும் இருக்கலாம், பாராதவராகவும் இருக்கலாம். நின்றார் என்பது மாத்திரமே அச்சொல்லின் பொருள். நிகழ்ந்ததை அறிந்தவர், அறிந்ததைச் சொல்ல வல்லவர் விற்னெஸ். அறிவு என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லே விற்னெஸ் என்பதன் முற்பகுதி. எனவே அதன் உயிர் கண்ணிலும் இல்லை, செவியிலும் இல்லை. நெஞ்சிலும் நாவிலும் இருக்கின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஆசிரியராவதற்கு முன் நாம் சில காலம் நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றினோம். ஒருநாள், நாம் மேலே கூறியது போன்றதொரு விபத்து வழக்கு விசாரணைக்கு வந்தது. முன்னர் எழுதப்பட்ட குறிப்பில், முதியவர் ஒருவர் மோதலைக் கண்ணாற் கண்டவர் எனப் பதிவாகியிருந்தது. அவரோ கூண்டில் ஏறியதும், "நான் சந்தியிலை நிண்டனான் ஐயா. சத்தம் கேட்டுத்தான் திரும்பினனான். லொறி வந்ததை நான் காணேல்லை" என்றார். நின்றேன், கேட்டேன், காணவில்லை என மூன்று வினைகள். மூன்றையும் மூன்றாகவே ஆங்கிலத்திற் பெயர்த்துக் கூறினோம். நீதவான் எழுதுகோலை நிறுத்தி, நின்றது எவ்விடம், திரும்பியது எப்போது என மீண்டும் கேட்பித்தார். சாரதியின் விதி அம்மூன்று வினைகளின் இடைவெளியிலே தங்கியிருந்தது. கல்வி அதிகம் இல்லாத அம்முதியவர் சொற்களை அளந்த அளவுக்கு, கற்றோர் பலர் அளக்கக் கண்டிலேம்.

சாட்சி என்பது கண்டதோடு முடிவதன்று என்பதை நமது நாட்டு நொத்தாரிசு முறையும் காட்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி ஒன்று நொத்தாரிசு முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். அவ்வறையில் நாற்பதுபேர் இருந்து பார்த்தாலும் சாட்சி ஆகார். தம் பெயரைக் கீழே எழுதிய இருவரே சாட்சிகள். நாளை வழக்கு வந்தால், ஆம், யான் இருந்தேன் என்று சொல்லக் கடமைப்பட்டோர் அவர்.

இனி, அம்மாணாக்கன் வினாவுக்கு வருவோம். தமிழில் இதற்கு ஒரு சொல்தான் உண்டா? குறுந்தொகை இருபத்தைந்தாம் பாட்டிலே, கபிலர் ஒரு பெண்ணின் துயரைப் பாடுகின்றார். தலைவன் தன்னை மணந்த வேளையில் வேறு எவரும் அங்கே இல்லை என்கின்றாள். அவனே பொய்த்தால் யான் யாது செய்வேன் என்கின்றாள். ஓடும் நீரில் ஆரல் மீனை நோக்கியபடி நின்ற குருகு ஒன்று மாத்திரம் அங்கே இருந்ததாம். அக்குருகைப் போலத் திருத்தமான பைஸ்ராண்டரை ஆங்கில இலக்கியத்திலும் காண்டல் அரிது. அது அருகில் நின்றது. அதற்குக் கண்ணும் உண்டு. ஆனால் கருத்து மீனில் இருந்தது, நாவோ பேசாது. சாட்சிக்கு வேண்டிய இரண்டும் அதனிடம் இல்லை. அதுவே அப்பெண்ணின் துயர்.

இதற்கு மறுதலையாகத் தொல்காப்பியர் அகத்திணையிலே 'கண்டோர்' என்றொரு வகையினரை வைத்தார். உடன்போக்கிலே செல்லும் காதலரை வழியிடைக் காண்போர் அவர். அவர்க்குத் தலைவனும் உறவல்லன், தலைவியும் உறவல்லள். கண்டுவிட்டு வாளா தம் வழியே போயிருக்கலாம். ஆனால் இலக்கணம் அவரை அவ்வாறு விடுவதில்லை. அவர்க்குக் 'கூற்று' உண்டு. பொழுது சாய்ந்தது, மேலே செல்லற்க என்று காதலரைத் தடுப்பர். தேடி வரும் தாயரைத் தேற்றி அனுப்புவர். கூற்றின்றிக் கண்டோர் இல்லை என்பது தமிழ் அகத்திணை மரபு. விற்னெஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளால் நெருங்கிய தமிழ்ச் சொல் யாது என எம்மைக் கேட்பின், இக்'கண்டோர்' என்பதையே காட்டுவோம்.

தவறான சொல் ஒன்று உலகின் நினைவையே மாற்றியதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அதிகாலையில், நியூயோர்க் நகரிலே கிற்றி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தம் வீட்டருகே கொலையுண்டார். இரு வாரத்தின் பின், அந்நகரின் முதன்மைப் பத்திரிகையில், முப்பதுக்கு மேற்பட்டோர் கொலையைப் பார்த்திருந்தும் பொலிசாரை அழைக்கவில்லை என்ற செய்தி வந்தது. உலகம் திடுக்குற்றது. பிற்கால ஆராய்ச்சியில் தெரியவந்ததோ வேறு. அவர்களிற் பெரும்பாலோர் எதனையும் கண்டிலர். உறக்கத்தில் ஓர் அலறலைக் கேட்டவரே. கேட்டதன் பொருளை உணராதோரும் இருந்தனர். அயலில் வாழ்ந்த பெண் ஒருவரோ படியிறங்கி ஓடி, குற்றுயிராய்க் கிடந்தவரைத் தாங்கியிருந்தார். செய்தி மிகைப்பட்டது என்பதை 2016இல் அப்பத்திரிகையே ஏற்றது. கேட்டோரைக் கண்டோர் என்று எழுதிய ஒரு வினை, ஒரு தெருவின் மக்கள் எல்லோரையும் அரை நூற்றாண்டு குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டது.

எனினும் அந்நிகழ்ச்சியால் விளைந்த நன்மையும் உண்டு. டார்லி, லற்றானே என்னும் உளவியலார் இருவர் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். தனித்தனி அறைகளில் இருந்து கருவி வழியாகப் பேசும் மாணவருள் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல ஒலி கேட்கச் செய்தனர். தாம் ஒருவரே அதனைக் கேட்பதாக எண்ணியோரில் 85 வீதத்தினர் விரைந்து உதவி நாடினர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என எண்ணியோரில் அவ்வாறு செய்தோர் 31 வீதத்தினரே. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் பொறுப்பும் குறைந்ததாகத் தோன்றுகின்றது. பைஸ்ராண்டர் என்ற சொல்லுக்கு அதன் பின்னரே இன்றைய கனம் ஏறியது. அருகில் நின்றாயே, என்ன செய்தாய் என்ற வினா இன்று அச்சொல்லுடன் ஒட்டிக்கொண்டு வருகின்றது. ஆதலின் ஒருவரை அச்சொல்லாற் குறிக்குமுன், அவர் செய்யத்தக்கது ஏதேனும் இருந்ததா என்று எழுதுவோன் தன்னைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

அவ்வினாவை நாம் அண்மையில் நேரே எதிர்கொண்டோம். பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் மக்களுட் பலர் தமிழ் வாசிக்க அறியார். அவர் பொருட்டுப் பழைய நினைவுக் குறிப்புக்கள் சிலவற்றை ஆங்கிலத்திற் பெயர்க்கும் பணி எமக்கு வாய்த்தது. ஒரு குறிப்பு 1981ஆம் ஆண்டு மே 31க்கும் யூன் 1க்கும் இடைப்பட்ட இரவைப் பற்றியது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட இரவு அது. ஏறக்குறைய 97,000 நூல்களும், மீண்டும் பெறற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. குறிப்பை எழுதிய பழைய மாணவர் அப்போது இளைஞர். வானம் சிவந்ததைத் தூரத்தே நின்று பார்த்தோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார். அப்'பார்த்தோர்'க்கு ஆங்கிலத்தில் எச்சொல்லை இடுவது?

ஸ்பெக்ரேற்றர் என்று எழுதக் கை கூசிற்று. அது விளையாட்டு மைதானத்துச் சொல். ஒன்லுக்கர் என்றால் வேடிக்கை பார்த்தார் என்னும் பழி வந்துவிடும். பைஸ்ராண்டர் என்றால், அருகில் நின்றும் ஏன் தடுக்கவில்லை என்ற வினா எழும். சீருடையும் துவக்கும் வீதியில் நின்ற இரவில், வெறுங்கையோடு நின்ற இளைஞரை நோக்கி அவ்வினாவை எழுப்புதல் நீதியன்று. அவ்விரவில், புனித பத்திரிசியார் கல்லூரியில் இருந்தபடி தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார், அதிர்ச்சியால் வீழ்ந்து உயிர் நீத்தார் என யாழ்ப்பாணத்தார் சொல்லி வருகின்றனர். சொற்களின் வேரை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்த அவரை எந்தச் சொல்லுக்குள் அடக்குவது?

நெடுநேரம் சிந்தித்தபின் விற்னெஸ் என்று எழுதினோம். தூரத்தே நின்று கண்டமை மாத்திரம் அதற்குக் காரணமன்று. அன்று கண்டோர் ஆயிரக்கணக்கானோர் ஆவர். அவருள் இவர் கண்டதை எழுதினார். நாளும் இடமும் குறித்தார். கீழே தம் பெயரையும் இட்டார். உறுதியில் ஒப்பமிட்ட சாட்சிபோலத் தம்மைத் தாமே கடமைப்படுத்திக்கொண்டார். கூற்று உண்டாயிற்று, ஆதலின் கண்டோர் ஆனார்.

மாணாக்கர்க்கு இறுதியாக ஒரு வழி கூறுவோம். பார்ப்போரைக் குறிக்க ஆங்கிலச் சொல் தேடும்போது அகராதிக்கு முன் மூன்று வினாக்களை நாடுக. அவர் கேட்டனரா, கண்டனரா, நின்றனரா என்பது ஒன்று. விரும்பி வந்தனரா, அகப்பட்டனரா என்பது இரண்டு. அந்நிகழ்ச்சிக்கு அவர் கடன்பட்டது யாது என்பது மூன்று. இம்மூன்றுக்கும் விடை கிடைப்பின் சொல் தானே கிடைக்கும். கிடைக்காவிடின், பலர் நின்றனர் என்று எளிதாக எழுதி அமைக. அறியாததை ஏற்றிச் சொல்லும் கனத்த சொல்லினும் அது நன்று.

பழைய மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். நம்மிற் பலர் இந்த மண்ணிலே காணத்தகாதன பல கண்டோம். காணக் கிடைத்தற்கரியனவும் சில கண்டோம். கல்லூரி மண்டபம் இடம்பெயர்ந்தோர்க்கு உறைவிடமானதைக் கண்டோர் உளர். அரிக்கன் லாம்பின் ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையைக் கண்டோர் உளர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைந்து வருகின்றது. மலர்க்குழுவினர் அனுப்பும் கடிதத்துக்கு, எழுத என்ன இருக்கின்றது என்று விடையளிப்போர் பலர். கண்டதை இரண்டு பக்கம் எழுதி, நாளும் இடமும் குறித்து, கீழே பெயரிட்டு அனுப்புக. ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லை நாம் தேடித் தருவோம்.

வாழ்க நமது கல்லூரி. வளர்க அதன் பணி.